ஈதர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒரு கலைக் கல்லூரியின் வேதியியல் லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். ஸ்டோர் ரூமில் மூன்று டை எத்தில் ஈதர் பாட்டில்கள் இருக்கின்றன. இரண்டு போன வருடம் வாங்கியவை, சீல் உடைக்காதவை. மூன்றாவதை யாரோ எப்போதோ திறந்து பாதி தீர்த்திருக்கிறார்கள். லேபிளில் தேதி மங்கிவிட்டது, மூன்று வருடமாவது ஆகியிருக்கும் என்கிறீர்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஈதரின் கொதிநிலையோ 34.6 டிகிரி செல்சியஸ்தான், அதனால் மூன்றையும் லேப் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வைக்காதீர்கள். அந்தத் திறந்த பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரி லேப்களில் இருந்திருக்கிறேன். ஈதரைப் பற்றி இவ்வளவு நல்ல எண்ணத்தோடு இவ்வளவு ஆபத்தான முடிவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்யும் முன் கேட்டீர்கள், அதுவே பெரிய விஷயம்.

முதலில் ஃப்ரிட்ஜ். ஒரு திரவத்துக்கு அருகில் நெருப்பைக் காட்டினால் குப்பென்று பற்றுமளவுக்கு ஆவி எழ வேண்டும். அதற்கு வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலையைத்தான் ஃபிளாஷ் பாயின்ட் என்கிறோம். நம் ஊர் மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்கு மேல். எத்தில் ஆல்கஹாலுக்குச் சுமார் 13. அசிட்டோனுக்கு மைனஸ் 20. டை எத்தில் ஈதருக்கு மைனஸ் 45. வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. ஆக, ஃப்ரீசரின் அடி மூலையில் வைத்தாலும் ஈதர் தீப்பற்றத் தயாராகத்தான் இருக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. குளிர வைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. காற்றில் ஈதர் ஆவி 1.9 சதவீதத்திலிருந்து 36 சதவீதம் வரை இருந்தால் எரியும். அதற்குக் கீழே எரிய ஈதர் போதாது, மேலே எரிக்க ஆக்சிஜன் போதாது. பெட்ரோலுக்கு இந்த இடைவெளி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 வரைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஈதரின் குணம் தெரியும். இப்போது மூடிய பாட்டிலுக்குள், திரவத்துக்கு மேலே உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் ஈதரின் ஆவியழுத்தம் சுமார் 440 மில்லிமீட்டர் பாதரசம். அப்படியென்றால் அந்த இடத்தில் 58 சதவீதம் ஈதர் ஆவி. எரிவதற்கு அது மிக அடர்த்தி. அதே பாட்டிலை 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆவி ஏறக்குறைய 29 சதவீதத்துக்கு இறங்கும். மைனஸ் 18-இல் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இரண்டுமே எரியும் வரம்புக்குள் வந்துவிட்டன. ஃப்ரிட்ஜ் என்பது இறுக்கமாக மூடிய ஒரு பெட்டி. மூடி சற்றே கசிந்தாலும் போதும், ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். கதவைத் திறந்ததும் எரியும் விளக்கின் சுவிட்ச், தெர்மோஸ்டாட், பனியை உருக்கும் ஹீட்டர் என்று பொறி கிளம்பக்கூடிய இடங்கள் எல்லாம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தே இருக்கின்றன. லேப் ஃப்ரிட்ஜ்கள் இரவில் யாருமில்லாதபோது வெடித்துக் கதவு எதிர்ச்சுவருக்குப் பறந்த விபத்துகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். எரியும் திரவங்களுக்கென்றே, உட்புறத்தில் எந்த மின்தொடர்பும் இல்லாமல் செய்த ஃப்ரிட்ஜ்கள் விற்கின்றன. உங்கள் லேபில் இருப்பது அது இல்லை என்றால், உள்ளே எந்தக் கரைப்பானும் போகக் கூடாது.

சரி, வெளியே வைத்தால் வெயிலில் கொதிக்காதா? நியாயமான கவலைதான். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஈதரின் ஆவியழுத்தம் வெளிக்காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இறுக மூடிய பாட்டில் அதைத் தாங்கும். திறக்கிறபோதுதான் சோடா பாட்டில் மாதிரி சீறும், சில சமயம் திரவமே மேலே தெறிக்கும். ஐரோப்பாவில் எழுதிய செய்முறைப் புத்தகங்கள் ஈதரை அறை வெப்பநிலையில் அமைதியாக இருக்கும் திரவமாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் ஊரில் மார்ச் முதல் ஜூலை வரை அந்த நினைப்பு செல்லாது. ஸ்டோரிலேயே தரைமட்டத்தில், வெயில் படாத, இருட்டான, காற்றோட்டமுள்ள மூலையில், இரும்பு அலமாரியில் வையுங்கள். நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட், பெர்குளோரேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேண்டிய நாளில் காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும் முன் எடுங்கள். திறக்கும் முன் பாட்டிலை ஒரு தட்டில் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி, ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். இது நன்றாக இருக்கிற பாட்டிலுக்கு மட்டும். அந்தப் பழைய பாட்டிலுக்கு இல்லை.

ஈதரில் எரிவது திரவம் அல்ல, ஆவி. இதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பாதி விபத்துகள் குறையும். அந்த ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி மேசைமேல் வழிந்து, விளிம்பில் இறங்கி, தரையில் படிந்து, பள்ளம் தேடி ஓடும். 1990-களில் நான் இருந்த ஒரு லேபில் ஒரு மாணவி பிரிபுனலில் (ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் புனல்) ஈதர் வைத்துச் சாறு எடுத்துக்கொண்டிருந்தார். மேசையின் மறுகோடியில், பத்தடிக்கு அப்பால், வேறொரு மாணவர் பன்சன் பர்னரைப் பற்றவைத்தார். நீலமாக ஒரு கோடு மேசைமேல் ஓடி வந்து பிரிபுனலின் அடியில் இருந்த பீக்கரில் போய் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தப் பெண் அனிச்சையாகப் பின்வாங்கியதால் முன்கையோடு போயிற்று. பர்னர் தூரத்தில்தானே இருக்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. அன்றிலிருந்து ஈதர் வேலை நடக்கும் நாளில் அந்த அறையின் கேஸ் வால்வையே மூடிவைக்கத் தொடங்கினோம்.

எவ்வளவு சிந்தினால் எவ்வளவு ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈதரின் அடர்த்தி மில்லிக்கு 0.713 கிராம், மூலக்கூறு எடை 74. ஆக 500 மில்லி பாட்டில் ஒன்று உடைந்தால் கிட்டத்தட்ட 120 லிட்டர் ஆவி கிளம்பும். 1.9 சதவீதம் இருந்தாலே எரியும் என்பதால், இந்த 120 லிட்டர் சுமார் 6,300 லிட்டர் காற்றை எரியக்கூடியதாக மாற்றும். பத்துக்குப் பத்தடி அறையின் தரையில் அது படிந்தால் இரண்டடிக்கு மேல் உயரம் வரும், முழங்காலைத் தாண்டி. அந்த இரண்டடிக்குள் நம் லேப்களில் என்னவெல்லாம் இருக்கிறது? தரையோரம் உள்ள பிளக் பாயின்ட், ஸ்டெபிலைசர், வாக்குவம் பம்பின் மோட்டார். உடைந்தால் சுவிட்சைப் போடாதீர்கள், ஃபேனை அணைக்கக்கூடப் போகாதீர்கள். சுவிட்சைத் தட்டும்போதும் பொறி வரும். எல்லோரையும் வெளியேற்றி, மின்சாரத்தை அறைக்கு வெளியே உள்ள மெயினில் நிறுத்தி, ஆவி கலையும்வரை காத்திருப்பதுதான் வேலை.

பொறி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். ஈதர் ஆவியைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணர்கிறோமே, அதில் மிகச் சிறியதே ஒரு மில்லிஜூல் அளவு இருக்கும். அதனால் நைலான், பாலியெஸ்டர் துணிகளுக்கு அங்கே இடமில்லை, பருத்திக் கோட்டுதான். துப்பட்டாவையும் முந்தானையையும் கோட்டுக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். முடியைக் கட்டச் சொல்லுங்கள். நெருப்போ பொறியோ இல்லாவிட்டாலும் வெறும் சூடே போதும். ஈதர் தானே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 160 முதல் 180 டிகிரிக்குள். ஹாட் பிளேட்டின் மேற்பரப்பு சாதாரணமாகவே அதைத் தாண்டும், அணைத்த பிறகும் வெகுநேரம் அப்படியே இருக்கும். ஈதரைச் சூடாக்க வேண்டுமென்றால் வேறோர் அறையில் காய்ச்சிய வெந்நீரை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து அதில் வையுங்கள். பழைய ஆசிரியர்கள் இதைத்தான் செய்வார்கள், நாகரிகக் குறைவு ஒன்றுமில்லை.

இனி அந்தத் திறந்த பாட்டில். இதுவரை சொன்னதெல்லாம் நெருப்பு. இங்கே வெடி.

ஈதர் மூலக்கூறில் ஆக்சிஜனை ஒட்டியிருக்கும் கார்பனிடமிருந்து ஹைட்ரஜனை எளிதாகப் பறிக்கலாம். வெளிச்சமும் காற்றும் இருந்தால் அங்கே காற்றின் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து ஹைட்ரோபெராக்சைடு உண்டாகிறது. அது மேலும் மாறி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பசைபோன்ற பெராக்சைடுகளாகும். இவை உராய்ந்தாலோ அதிர்ந்தாலோ சூடானாலோ வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் BHT (பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன்) என்ற தடுப்பானைத் துளியளவு சேர்க்கிறார்கள், சில வகைகளில் எத்தனால். அந்தத் தடுப்பான் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று உள்ளே போகும். பாதி காலியான பாட்டிலில் காற்றும் அதிகம், எதிர்த்து நிற்கத் தடுப்பானும் குறைவு. போதாக்குறைக்கு, மூடி வழியாக ஈதர் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். பெராக்சைடு ஆவியாகாது, அடியிலேயே செறிவாகும். மூன்று வருடம் என்பது இந்தக் கணக்கில் மிக நீண்ட காலம். குளிரூட்டுவது இதையும் நிறுத்தாது. ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வடித்தால் ஈதர்தான் மேலே போகும், பெராக்சைடு குடுவையின் அடியில் தங்கும். கடைசிச் சில மில்லி மிஞ்சும்போது அது சூட்டில் நேராக உட்கார்ந்திருக்கும். ஈதர் வடிக்கும்போது நடந்த பெரிய விபத்துகளில் பல அந்தக் கடைசி நிமிடத்தில் நடந்தவை. அதனால்தான் எந்த ஈதரையும் வற்ற வடிக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கையாவது குடுவையில் மிச்சம் விட வேண்டும் என்று சொல்கிறோம். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. வடித்தெடுத்த ஈதரில் தடுப்பானே இருக்காது, ஏனென்றால் அதுவும் குடுவையில் தங்கிவிடும். சுத்தமான ஈதர்தான் சீக்கிரம் கெடும். வடித்ததை அன்றே செலவழிக்க வேண்டும்.

பெராக்சைடு இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. 1 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் 100 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடைப் போட்டு, அதோடு 1 மில்லி ஈதரைச் சேர்த்துக் குலுக்குங்கள். நிறம் மாறாவிட்டால் நல்லது. வெளிர் மஞ்சள் என்றால் கொஞ்சம் இருக்கிறது. அடர்மஞ்சளோ பழுப்போ என்றால் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டிவிட்டது, அதை எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. அயோடைடும் அமிலமும் மட்டுமே இருந்தாலும் நேரம் போனால் தானாக மஞ்சளாகும் என்பதால், ஈதர் சேர்க்காத ஒரு குழாயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனைப் பட்டைகளும் கடையில் கிடைக்கின்றன, அவை இன்னும் வசதி. ஆனால் இந்தச் சோதனை, திறந்த தேதி தெரிந்த, சில மாதங்களே ஆன பாட்டில்களுக்கு. உங்கள் மூன்றாவது பாட்டிலைச் சோதிக்க அதன் மூடியைத் திருக வேண்டும். மூடியின் மரைகளுக்கிடையே பெராக்சைடு காய்ந்து ஒட்டியிருந்தால் திருகும் உராய்வே போதும். அதைச் சோதிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அதனால் என்ன செய்ய வேண்டும்? பாட்டிலை நகர்த்தாமல், குலுக்காமல், தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கழுத்தில் வெள்ளைப் படிகங்களோ, அடியில் பாகுபோல் தனிப்படலமோ, மூடியைச் சுற்றிப் பொருக்கோ தெரிந்தால் அறையைப் பூட்டிச் சாவியைத் துறைத் தலைவரிடம் கொடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் பூட்டுங்கள், ஏனென்றால் டை எத்தில் ஈதரின் பெராக்சைடு பெரும்பாலும் படிகமாகத் தெரியாது, கரைந்தே இருக்கும். பிறகு கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குத் தகவல் தர வேண்டும். படிகம் தெரிந்தால் காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவையே அழைக்கலாம். ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சிங்க்கில் ஊற்றிவிடு என்றும் சொல்வார்கள். ஈதர் தண்ணீரில் நூற்றுக்கு ஏழு கிராம் அளவே கரையும், மீதி மிதந்துகொண்டு சாக்கடைக் குழாய் முழுவதும் ஆவியாகப் பரவும். அடுத்த கட்டடத்தில் யாரோ நெருப்பு வைத்தால் இங்கே வரும். அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

மூச்சில் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாக. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவி கொடுத்து, வலி தெரியாமல் அறுவை சிகிச்சை நடக்கச் செய்தார். அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் முக்கியமான மயக்க மருந்துகளில் இதுவும் ஒன்று. மற்றக் கரைப்பான்களோடு ஒப்பிட்டால் நஞ்சு குறைவுதான், அறுவை அரங்கிலிருந்து அதை வெளியேற்றியதில் தீப்பற்றும் குணத்துக்குப் பெரிய பங்குண்டு. லேபில் எட்டு மணி நேர வேலைக்குச் சொல்லப்படும் வரம்பு பத்து லட்சத்தில் 400 பங்கு. அந்த இனிப்பான வாசனை அதற்கு வெகுமுன்பே மூக்குக்குத் தெரியும். தலை கனத்தால், தூக்கம் சொக்கினால் வெளியே வாருங்கள். கவலைப்பட வேண்டியது இதுதான்: சொக்கிய நிலையில் உள்ளவர் கையில் இருக்கும் குடுவை.

உங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பெட்ரோலியம் ஈதர் என்றும் ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஈதரே இல்லை. பென்டேன், ஹெக்சேன் மாதிரியான ஹைட்ரோகார்பன்களின் கலவை. பெராக்சைடு பயம் அதில் இல்லை. தீப்பற்றும் பயம் அப்படியே இருக்கிறது, அதன் ஃபிளாஷ் பாயின்ட்டும் பூஜ்யத்துக்கு வெகு கீழே. சாக்ஸ்லெட் கருவியில் தவிட்டிலோ தீவனத்திலோ கொழுப்பு எடுக்கும் செய்முறைக்கு உங்கள் கல்லூரி இன்னமும் டை எத்தில் ஈதரைப் பயன்படுத்தினால், 40–60 அல்லது 60–80 டிகிரியில் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதருக்கு மாறலாமா என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். கோடையில் குழாய்த் தண்ணீரே 33 டிகிரி வரும்போது, 34.6-இல் கொதிக்கும் ஆவியைக் கண்டென்சர் எப்படித் திரும்பத் திரவமாக்கும்? பாதி ஈதர் அறைக்குள்தான் போகிறது. பிரிபுனல் வேலைகளுக்குப் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட்டே போதும், கொதிநிலை 77. ஈதரே வேண்டும் என்றால் மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர் இருக்கிறது. அது 55-இல் கொதிக்கும், பெராக்சைடு உண்டாவதும் மிகக் குறைவு. கிரிக்னார்டு வினை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே டை எத்தில் ஈதரை வைத்துக்கொள்ளலாம்.

தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈதர் அதன்மேல் மிதந்து தீயை அறை முழுக்கக் கொண்டுபோகும். பீக்கர் அளவுத் தீ என்றால் ஒரு கண்ணாடித் தட்டாலோ ஈரத்துணியாலோ மூடினாலே அணையும். மேசை அளவு என்றால் கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் கருவி. அதற்கு மேல் என்றால் வெளியே ஓடி 101 அல்லது 112 அழையுங்கள், வீரம் காட்ட வேண்டாம். அணைந்த பிறகும் சூடான கண்ணாடியோ உலோகமோ ஆவியை மறுபடி பற்றவைக்கும். ஆடையில் தீ பிடித்தவரை ஓடவிடாமல் தரையில் உருட்டுங்கள். எரிந்த இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், அவ்வளவுதான். பற்பசை, பேனா மை, கோதுமை மாவு எதுவும் வேண்டாம். இன்னமும் செய்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சீல் உடைக்காத அந்த இரண்டு பாட்டில்களுக்கு வாங்கிய தேதியைப் பில்லிலிருந்து தேடியெடுத்து லேபிளில் எழுதுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டியதைத் திறக்காமலே அபாயக் கழிவாக ஒதுக்கிவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு நிறுவனம் வந்து எடுத்துக்கொள்ளும். தாண்டாததைத் திறந்தால், திறந்த தேதியையும் எழுதி, மாதம் ஒருமுறை சோதித்து, ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது விலை சற்று கூடினாலும் சின்ன பாட்டில்களாகவே கேளுங்கள். தேதியை மார்க்கரில் எழுத வேண்டாம், ஒரு சொட்டு ஈதர் வழிந்தால் கரைந்துபோகும். பென்சிலில் எழுதுங்கள்.